சினம் தணிந்த மலை

ஐப்பசி மாதம் கந்தசஷ்டியன்று திருச்செந்தூர்க் கடற்கரையில் மணல் தெரியாது, தலைகள்தான் தெரியும். சூரபத்மன் யானைமுகமாகவும் சிங்கமுகமாகவும் மாறி மாறி வந்து தலையை ஆட்டுவதும், சுவாமி வேலை விடுவதும், "அரோகரா" என்ற முழக்கம் அலையோசையை அமுக்கிவிடுவதும் நேரில் பார்த்தவர்களுக்கு மறக்காது. அன்று தமிழ்நாட்டில் முருகன் எழுந்தருளியிருக்கும் ஊர்களிலெல்லாம் ஏறக்குறைய இதே காட்சிதான். ஆனால் அறுபடை வீடுகளில் ஒன்றான திருத்தணியில் மட்டும் அன்றைக்குச் சண்டையே கிடையாது. சூரனும் வரமாட்டான், வேலும் புறப்படாது. அதற்குப் பதிலாகக் கூடை கூடையாகப் பூக்கள் மலைமேல் ஏறும். சுவாமிக்குப் புஷ்பாஞ்சலி நடக்கும். மறுநாள் கல்யாணம். அவ்வளவுதான் திருத்தணியின் சஷ்டி.

இந்த விஷயம் எனக்கு வெகு காலமாகத் தெரியும். ஆனால் அதன் அர்த்தத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எந்தப் பண்டிதரும் அல்ல. படிக்கட்டில் பூ விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள். வருஷத்துக்கு இத்தனை நாள் என்று கணக்கு வைத்து 365 படிகள் அமைத்திருக்கிறார்கள் அல்லவா? நான் ஏறத்தாழ ஆனி மாதம் வரையில் ஏறிவிட்டு, அதற்கு மேல் முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததால் அந்த அம்மாள் அருகில் உட்கார்ந்தேன். சும்மா இருப்பானேன் என்று, "ஏம்மா, எல்லா ஊரிலும் சூரசம்ஹாரம் நடக்கிறதே, உங்கள் ஊரில் மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்டேன்.

அவர் நாரைப் பல்லில் கடித்தபடியே என்னை ஒரு பார்வை பார்த்தார். "என்ன சாமி இப்படிக் கேக்கறீங்க? சண்டையெல்லாம் முடிச்சு, கோவம் தணியணும்னுதானே இங்க வந்து உக்காந்தாரு? அவரு முன்னாடியே போயி மறுபடியும் அந்தச் சண்டையக் காட்டுவாங்களா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தலபுராணம் சொல்வதும் அதுதான். சூரனோடு செய்த போரும், வள்ளியின் பொருட்டு வேடர்களோடு செய்த போரும் முடிந்த பிறகு, முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் இது. செரு என்றால் போர். செருத்தணி என்பதுதான் திருத்தணி ஆயிற்று என்பார்கள். அந்தக் கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேனே தவிர, அதற்குள் இருக்கும் ஒரு சின்னச் செய்தியை நான் கவனித்ததே இல்லை. போரில் ஜெயித்தவனுக்கும் போர் முடிந்தவுடன் மனசு அடங்கிவிடுவதில்லை. ஜெயித்தவன் தெய்வமாகவே இருந்தாலும் அவனுக்கும் ஓர் இடம் வேண்டியிருக்கிறது. கொஞ்ச காலம் வேண்டியிருக்கிறது. அதன் பிறகுதான் கல்யாணம்.

நம் முன்னோர்கள் போரில் மாண்டவனுக்கு நடுகல் நட்டார்கள். செங்கம் பக்கத்தில் எத்தனையோ நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. பேரும் ஊரும் பொறித்து, பூச்சூட்டி, படையல் போட்டார்கள். அது சரி, செத்துப் போகாமல் வீடு திரும்பியவனுக்கு என்ன செய்தோம்? ராத்திரி தூக்கத்தில் அலறி எழுந்திருப்பவனுக்கு, வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்பவனுக்கு எந்தக் கல்லை நட்டோம்? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்தில் தோன்றியது அல்ல.

என் பாட்டனாரின் தம்பி ஒருவர் பர்மாவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியாகக் கால்நடையாகவே இந்தியாவுக்குப் புறப்பட்டார்களே, அவர்களில் அவரும் ஒருவர். புறப்பட்டபோது மூன்று பேர். வந்து சேர்ந்தது அவர் மட்டும். மற்ற இருவரும் அவருடைய மனைவியும் ஐந்து வயதுப் பையனும். ஊரில் அவருக்கு 'பர்மாக்காரர்' என்று பேர். நல்ல மனிதர், யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். ஆனால் மழை பிடித்துக்கொண்டால் போதும், எழுந்து வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுவார். மழை நிற்கும் வரையில் நடப்பார். "அவர்கிட்டே அந்தக் கதையைக் கேட்காதே" என்று குழந்தைகளுக்கு எங்கள் வீட்டில் சட்டம். பூக்கார அம்மாள் சொன்ன அதே சட்டம். அன்பினால் போட்ட சட்டம்தான், சந்தேகமில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தச் சட்டம் ஒழுங்காக நடந்தது. அவரும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அவருடைய பையன் பேர் என்ன என்பது இன்றைக்கு எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது.

ஆகவே அந்த அம்மாள் சொன்னது சரியா, தப்பா என்ற யோசனை மலையிலிருந்து இறங்கிய பிறகும் என்னை விடவில்லை.

*

திருத்தணியைச் சுற்றிலும் உள்ள சீமைக்குச் சண்டை புதிதல்ல. இங்கிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில் சோளிங்கர் இருக்கிறது. யோக நரசிம்மரும் யோக ஆஞ்சநேயரும் எதிரெதிராக இரண்டு குன்றுகளில் தியானத்தில் அமர்ந்திருக்கும் ஊர். அந்த அமைதியான ஊரில் 1781 செப்டம்பர் மாதம் ஹைதர் அலியின் சேனையும் சர் அயர் கூட்டின் சேனையும் மோதிக்கொண்டன. அதற்கு முந்திய வருஷம் காஞ்சீபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை நாசமாயிற்று. குதிரைப்படை போன வழியெல்லாம் பயிர் போயிற்று; பயிர் போன வழியே பஞ்சம் வந்தது. பஞ்சத்துக்குத் தப்பிச் சென்னைப் பட்டணத்தில் வந்து குவிந்த ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த இடம்தான் மணியக்காரர் சத்திரம். வயிற்றுக்குக் கஞ்சி கிடைத்தது. ஊரும் உறவும் எரிந்துபோனதைப் பார்த்துவிட்டு வந்த மனசுக்கு என்ன ஊற்றினார்கள் என்பதற்குச் சரித்திரத்தில் குறிப்பு இல்லை.

சோளிங்கர்ச் சண்டைக்குப் பதின்மூன்று வருஷம் கழித்து, 1794-ல், சென்னையில் வாலன்டைன் கானலி என்ற டாக்டர் ஒரு விடுதி திறந்தார். பதினாறு பேருக்கு இடம். சித்தம் கலங்கியவர்களை வைத்துக்கொள்வதற்காகத் தென்னாட்டில் வெள்ளைக்காரர்கள் ஏற்படுத்திய முதல் இல்லம் அதுதான். தர்மத்துக்காக என்று நினைத்துவிடாதீர்கள். கட்டிடம் டாக்டருடையது, வாடகை கம்பெனியாருடையது. அது நல்ல வியாபாரமாகவே நடந்து, கைமாறி, டால்ட்டன் என்ற இன்னொரு டாக்டரிடம் போய், அவர் பேராலேயே வழங்கியது. பிறகு 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்ற அறுபத்தாறு ஏக்கர் நிலத்தில் 145 நோயாளிகளோடு சர்க்கார் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அதற்குப் 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்ற பேர் 1922 வரையில் நீடித்து, அந்த வருஷம் 'மனநோய் ஆஸ்பத்திரி' ஆயிற்று. பேர் காகிதத்தில் மாறியது. நம் வாயில் மாறியதா? 'கீழ்ப்பாக்கம்' என்று சொன்னாலே சினிமாக் கொட்டகையில் சிரிப்பு எழும்பும்படி செய்துவிட்டோம். ஒரு பேட்டையின் பேரையே வசவாக்கிய பெருமை நம்மைச் சேர்ந்தது.

அந்தப் பெரிய தோட்டத்தில் மரம் இருந்தது, நிழல் இருந்தது, வேளைக்குச் சோறு இருந்தது. டாக்டர்களும் மனசாட்சியோடு உழைத்தார்கள். இல்லாதது ஒன்று, வீடு. மதிற்சுவருக்கு உள்ளே போனவரைப் பார்க்க முதல் மாதம் அண்ணன் வருவான். தீபாவளிக்குத் தகப்பனார் வருவார். பிறகு விலாசம் மாறிவிடும். குணமான பிறகும் போக இடமில்லாமல் அங்கேயே நரைத்துப் போனவர்கள் உண்டு. இடம் கொடுத்த இல்லம், உறவை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

*

இனி இரண்டு பாராக்களுக்கு வாசகர்கள் என்னோடு நீலகிரிக்கும், அங்கிருந்து ஸ்காட்லாந்துக்கும் வரவேண்டும். வழி சுற்றுவழி போலத் தோன்றும். ஆனால் திருத்தணிக்கே திரும்பி வந்துவிடுவோம்.

1901-ஆம் ஆண்டு ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் உதகமண்டலத்துக்கு வந்தார். வேட்டைக்கு அல்ல, தோடர்களைப் பற்றி அறிய. மந்து மந்தாகப் போய் உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன உறவு, எந்த எருமைக்கு என்ன பேர் என்றெல்லாம் துபாஷிகளை வைத்துக்கொண்டு கேட்டு எழுதினார். 1906-ல் தோடர்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகம் வெளியாயிற்று. மனிதருக்குக் கொஞ்சம் திக்குவாய். அதனாலோ என்னவோ, பேசுவதைவிடக் கேட்பதில் வல்லவராக இருந்தார். எட்டு வருஷம் கழிந்து முதல் உலக யுத்தம் வந்தது. பிரான்சுப் போர்முனையிலிருந்து காயமே இல்லாத சிப்பாய்கள் கைகால் நடுங்கிக்கொண்டும், பேச்சு போயும், கண் தெரியாமலும் வந்து சேர்ந்தார்கள். குண்டு வெடித்த அதிர்ச்சியால் வந்தது என்ற பொருளில், 1915-ல் மையர்ஸ் என்ற டாக்டர் இதற்கு 'ஷெல் ஷாக்' என்ற பேரை வைத்திய உலகில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். படைத்தலைவர்கள் பலருக்கு அது கோழைத்தனமாகத்தான் பட்டது. லண்டனில் ஒரு டாக்டர் தொண்டையில் மின்சாரத்தைப் பாய்ச்சியே ஊமையானவர்களைப் பேச வைத்தார். பேசினார்கள், பேசாமல் என்ன செய்வார்கள்?

ரிவர்ஸுக்கு எடின்பரோவுக்கு அருகிலுள்ள கிரெய்க்லாக்கார்ட் என்ற ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை. நோயாளிகளுக்கு மற்றவர்கள் சொன்ன புத்திமதி, "நடந்ததை மறந்துவிடு, வேறு எதையாவது நினை" என்பது. எங்கள் வீட்டுச் சட்டமேதான். ரிவர்ஸ் மாற்றிச் சொன்னார்: அடக்கி வைப்பதால்தான் அது ராத்திரியில் கனவாக வருகிறது, பகலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிப் பாரும் என்றார். ஓர் இளம் அதிகாரி, குண்டு வீச்சில் சிதறிப்போன தன் சிநேகிதனின் உடலைத் தேடிப்போய்க் கண்டவர். ஒவ்வோர் இரவும் அந்தக் கோலத்திலேயே சிநேகிதன் கனவில் வருவான். ரிவர்ஸ் அவரோடு பேசிப் பேசி, ஒரு விஷயத்தைக் காட்டினார். உடல் அந்த நிலையில் இருந்ததென்றால் உயிர் அந்தக் கணமே போயிருக்க வேண்டும்; உம்முடைய சிநேகிதன் மணிக்கணக்கில் கிடந்து துடிக்கவில்லை என்றார். அந்த அதிகாரியின் முகம் தெளிந்தது. பிறகும் சிநேகிதன் கனவில் வந்தான். ஆனால் இம்முறை இவர் அவன் அருகே மண்டியிட்டுப் பேசினார், அழுதார். பயம் போய்த் துக்கம் வந்தது. நினைவு அழியவில்லை, நினைவைப் பார்க்கும் பக்கம் மாறியது. இன்றைக்கு மனவடுவுக்கு என்று செய்யப்படும் சிகிச்சைகளின் உயிர்நாடி இந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ரிவர்ஸ் இன்னொரு நோயாளியைப் பற்றியும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். குண்டு வெடித்துத் தூக்கியெறியப்பட்டு, அழுகிய பிணம் ஒன்றின்மேல் முகம் புதைய விழுந்தவர் அவர். அந்த நினைவில் பிடித்துக்கொள்ள ஒரு துரும்புகூட இல்லை. ரிவர்ஸ் அதைக் கிளறவில்லை. முன்பு எந்த நாட்டுப்புறத்து அமைதி அவருக்கு ஆறுதல் தந்ததோ அங்கேயே போகட்டும் என்று ராணுவத்திலிருந்து விடுவித்துவிட்டார்.

பாருங்கள், ஒரே டாக்டர். ஒருவனைப் பேசச் சொல்கிறார், இன்னொருவனை மலைக்குப் போ என்கிறார்!

வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் அவஸ்தையைக் கண்ட பிறகு, 1980-ல்தான் அமெரிக்க மனநோய் வைத்தியர்கள் இந்த வியாதிக்குத் தங்கள் புத்தகத்தில் முறையான இடம் கொடுத்தார்கள். போர்க்களத்தில் மட்டுமல்ல, வீட்டுக்குள்ளே அடிபட்ட பெண்களுக்கும், பாழ்படுத்தப்பட்ட குழந்தைகளுக்கும் இதே நோய்தான் என்று 1992-ல் ஜூடித் ஹெர்மன் என்ற பெண் டாக்டர் விரிவாக எழுதினார். குணமாவதற்கு ஒரு வரிசை உண்டு என்பது அவர் கண்டது. முதலில் 'இனிப் பயமில்லை' என்று உடம்பும் மனசும் நம்பும்படியான ஓர் இடம். அந்த நம்பிக்கை வந்த பிறகு, நடந்ததை நினைத்துச் சொல்லி அழுவது. பிறகு மனிதர்களோடு மறுபடி சேர்வது. வரிசை தப்பினால் காரியம் கெட்டுவிடும். புண் ஆறுமுன் கிளறக்கூடாது; கிளறாமலேயே விட்டுவிட்டால் எங்கள் பர்மாத் தாத்தாவைப் போல நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். படிக்கட்டில் எனக்கு விளங்காதது இதைப் படித்தபோது விளங்கியது. பூக்கார அம்மாள் சொன்னது முதல் படிக்குச் சரி. நாங்கள் செய்த பிசகு, முதல் படியிலேயே முப்பது வருஷம் உட்கார வைத்தது. தணிகைக் கதையில் முருகன் சினம் தணிந்ததோடு நிற்கவில்லையே. வள்ளியோடு இருந்து, இந்த மலையின் கதையை அவனே அவளுக்குச் சொல்வதாகவும் அல்லவா கந்தபுராணத்தில் வருகிறது!

*

திருத்தணி எல்லை ஊர். கடைத்தெருவில் ஒரே வாக்கியம் தமிழில் புறப்பட்டுத் தெலுங்கில் போய்ச் சேரும். 1953-ல் ஆந்திர மாகாணம் பிரிந்தபோது இந்த ஊர் சித்தூர் ஜில்லாவோடு அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் மற்றும் பலரும் நடத்திய கிளர்ச்சிக்குப் பிறகு, படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்தப் பக்கம் வந்தது. எல்லைக்கோடு நகர்ந்தாலும் குடிகள் தத்தம் வீட்டில்தான் இருந்தார்கள். வடக்கே பஞ்சாபில் போட்ட கோடு அப்படி அல்ல. அந்தக் கோடு வெட்டிய காயத்தைச் சொல்ல ஏடு போதாது. பிரிவினைக்கு மூன்று வருஷம் கழித்து, 1950-ல், இரண்டு சர்க்கார்களும் பைத்தியக்கார ஆஸ்பத்திரி நோயாளிகளைக்கூட மதவாரியாகப் பங்கிட்டு மாற்றிக்கொண்டன. உருது எழுத்தாளர் மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்' என்ற கதை இதைப் பற்றியதுதான்.

லாகூரிலிருந்து வந்தவர்கள் போய்ச் சேர்ந்த அமிர்தசரஸ் ஆஸ்பத்திரியிலேயே ஓர் அதிசயம் நடந்தது. அங்கே தலைமை டாக்டராக வந்த வித்யாசாகர் என்பவர், போதிய சிப்பந்திகளும் இல்லை, இடமும் இல்லை என்று கண்டு, மைதானத்தில் கூடாரங்களை அடித்தார். "நோயாளியோடு வீட்டார் வந்து தங்குங்கள்" என்றார். தாயாரும் தமையனும் கூடாரத்தில் சமைத்துப் போட்டுக்கொண்டு கூடவே இருந்தார்கள். மாலையில் டாக்டர் அவர்கள் நடுவே உட்கார்ந்து நோயைப் பற்றிப் பேசுவார். வருஷக்கணக்கில் கிடக்க வேண்டியவர்கள் சில வாரங்களில் வீட்டாரோடு கூடவே ஊர் திரும்பினார்கள். இதே எண்ணத்தை நம் பக்கம் நிலைநாட்டியவர் கனடாவிலிருந்து வந்த டாக்டர் பிளாரன்ஸ் நிக்கல்ஸ். வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியின் மனநல நிலையம் 1957-ல் பாகாயத்தில் ஆரம்பித்தபோதே, நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்க வேண்டும் என்பது அங்கே விதி. கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் 1978 வரை தலைமை வகித்த டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநோய் வைத்தியர். ஓய்வு பெற்ற பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தவன் வாழ்க்கையை எப்படி நடத்துவான் என்ற கவலையோடு, 1984-ல் 'ஸ்கார்ஃப்' என்ற நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 2021-ல் காலமாகும்போது அவருக்குத் தொண்ணூற்றெட்டு வயது.

இதற்கெல்லாம் எத்தனையோ காலத்துக்கு முன்பிருந்தே நம் ஜனங்கள் சித்தம் கலங்கியவர்களை அழைத்துக்கொண்டு போன இடங்கள் கோயிலும் தர்காவும்தான். திருச்சிக்கு அருகே குணசீலத்தில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்க வைத்து முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். சோளிங்கர்ச் சின்ன மலையடிவாரத்திலும் குளத்தில் முழுகி, படி ஏறி, நாள் கணக்கில் தங்குகிறவர்களைக் காணலாம். இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டுப் போக எனக்கும் ஒரு காலத்தில் ஆசை இருந்தது. 2000-ஆம் ஆண்டில் பெங்களூர் நிம்ஹான்ஸ் டாக்டர்கள் சிலர் அப்படித் தள்ளாமல் போய்ப் பார்த்தார்கள். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை, வந்தபோதும் திரும்பிப் போகும்போதும் முறைப்படி பரிசோதித்தார்கள். பெரும்பாலோருக்கும் கடுமையான மனநோய். சராசரி தங்கல் ஆறு வாரம். மந்திரம், தாயத்து, பேயோட்டல் எதுவும் அங்கே கிடையாது. கூட ஓர் உறவினர் இருப்பார், காலையில் பூஜை, பகலில் கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது. நோயின் கடுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது என்று 2002-ல் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். யாரும் விரட்டாத, கேலி செய்யாத இடத்தில் இருந்ததே மருந்தாயிற்று என்பது அவர்கள் ஊகம். மருந்தே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை; நாமும் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது.

ஏனென்றால், அந்த டாக்டர்கள் பார்த்துவிட்டுப் போன மறுவருஷம்தான் ஏர்வாடி நடந்தது. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில், தர்காவுக்கு அருகே தனியார் நடத்திய ஒரு விடுதியில் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் எதிரிகள் அல்ல; தாய் தகப்பன், புருஷன், மகன். 'நம்மால் முடியவில்லை, சாமி பார்த்துக்கொள்ளட்டும்' என்று மாதா மாதம் பணம் கட்டியவர்கள். சர்க்கார் அத்தகைய விடுதிகளை மூடியது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டு மனநல பராமரிப்புச் சட்டம், நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று திட்டமாகச் சொல்கிறது. பதினாறு வருஷம் ஆயிற்று அந்த ஒரு வாக்கியத்தை எழுத. ஏர்வாடியிலேயே பிற்பாடு, தர்காவுக்கு வருகிறவர்களுக்குப் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கும்படி ஏற்பாடு செய்தார்கள்.

*

'மனவடு' என்ற சொல்லை மேலே சாதாரணமாக உபயோகித்துவிட்டேன். அதை நமக்கு நன்றாகப் பழக்கிக் கொடுத்தவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். சொல்லுக்கு அவர்கள் கொடுத்த விலை அதிகம். குண்டு விழுந்துகொண்டிருந்த ஊரிலேயே இருந்து வைத்தியம் செய்த டாக்டர் தயா சோமசுந்தரம், போர் தமிழர் மனங்களில் இட்ட வடுவைப் பற்றி 1998-ல் ஒரு நூல் வெளியிட்டார். அங்கே ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய மனநோய் வைத்தியர்கள். ஆகவே ஆசிரியர்களுக்கும் கிராம சேவகர்களுக்கும் தாதிகளுக்கும் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். மூச்சை நிதானமாக விட்டுக்கொண்டு, மனசுக்குப் பிடித்த நாமத்தை மெல்லச் சொல்லப் பழக்கினார்கள். சைவருக்கு 'ஓம்', கிறிஸ்தவருக்கு இயேசு நாமம், முஸ்லிமுக்கு அவர்கள் துதி, பௌத்தருக்குச் சரணம். குழந்தைகளுக்குப் படம் வரையவும் விளையாடவும் இடம். இவற்றையெல்லாம்விடக் கஷ்டமானது ஒன்று இருந்தது. காணாமல் போனவனுக்குத் துக்கம் காப்பது எப்படி? உடல் கிடைத்தால் ஒப்பாரி உண்டு, எட்டு உண்டு, அந்தியேட்டி உண்டு. உடலே இல்லாத வீட்டில் பொட்டை அழிப்பதா, வைத்துக்கொள்வதா? சடங்கு என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் காரியங்கள் எத்தனை பெரிய வைத்தியம் என்பது அவை நடக்காத வீட்டில்தான் தெரிகிறது. எங்கள் வீட்டில் அந்த ஐந்து வயதுப் பையனுக்கு யாரும் ஒன்றும் செய்ததாக எனக்கு நினைவில்லை.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் பொங்கி நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் வாரிக்கொண்டு போனபோது, யாழ்ப்பாணம் கற்ற பாடம் நமக்கும் தேவைப்பட்டது. பள்ளிக்கூட வாத்தியார்களுக்கும் அங்கன்வாடி ஊழியர்களுக்கும் 'எப்படிக் கேட்பது' என்று அங்கேயும் சொல்லிக் கொடுத்தார்கள்.

கேட்பதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும். நம்மில் ஒருவன் "மனசு சரியில்லை" என்று வாயைத் திறந்தால், மறுநிமிஷம் நாம் நம்முடைய கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறோம். இல்லாவிட்டால் ஜாதகத்தை எடுத்துவரச் சொல்கிறோம். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே தேசத்தில் டிக்ஸன் சிபாண்டா என்ற டாக்டர் 2006 வாக்கில் ஒரு வேலை செய்தார். பாட்டிமார்கள் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்து வாசலில் மர பெஞ்சியில் உட்கார வைத்தார். மனசு நொந்தவர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியது, பாட்டி கேட்க வேண்டியது. அந்த ஊர்க்காரர்கள் இந்த நோய்க்கு வைத்திருக்கும் பேருக்கு 'ரொம்ப யோசிப்பது' என்று அர்த்தமாம். நம் ஊரிலும் அதைத்தானே சொல்கிறோம்: "அவன் யோசிச்சு யோசிச்சே இப்படி ஆயிட்டான்." வைத்திய முறைப்படி சோதித்துப் பார்த்ததில் அந்தப் பாட்டிமார்களின் பெஞ்சி நல்ல பலன் கொடுத்தது என்று 2016-ல் நிரூபித்தார்கள். நமக்குத் திண்ணை இருந்தது; இடித்துக் கார் நிறுத்த இடம் செய்துவிட்டோம். இப்போது சர்க்கார் 14416 என்ற தொலைபேசி எண்ணை 2022 முதல் வைத்திருக்கிறது. நடுராத்திரியிலும் கூப்பிடலாம். தமிழிலும் பேசலாம். திண்ணைக்கு ஈடாகாதுதான், ஆனாலும் இல்லாததற்கு எவ்வளவோ மேல்.

இத்தனையும் எழுதுவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சோளிங்கருக்கும் போய்வந்தேன். சின்ன மலையடிவாரத்தில், குளத்தங்கரை நிழலில் ஒரு தாயாரும் மகனும். பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். தலை ஈரமாயிருந்தது. தாயார் அவனுக்குத் தலைவாரிக் கொண்டிருந்தார்; அவன் குழந்தை மாதிரி தலையைக் காட்டிக்கொண்டிருந்தான். என்ன சொல்லிப் பேச்சை ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"எந்த ஊரு ஐயா?"

சொன்னேன். "நீங்கள் எத்தனை நாளாக இங்கே?"

"நாளையோட மூணு வாரம் ஆவுது. காலையில குளத்துல முழுவுறான். ராத்திரி இதைக் குடுத்துடுவேன்." முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே மாத்திரைப் பட்டை. "பெரியாஸ்பத்திரி டாக்டரு சொல்லியிருக்காரு, ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாதுன்னு. சாமியும் கோச்சுக்காது."

"இப்போது எப்படி இருக்கிறான்?"

"பேசறான். அப்பாரு கிணத்துல வுழுந்தத இவந்தான் மொதல்ல பாத்தான் ஐயா. ரெண்டு வருசம் வாயே தொறக்கல. போன வாரம், இந்த எடத்துல உக்காந்துக்கிட்டு, அவனாவே சொன்னான்." சீப்பு ஒரு கணம் நின்று மறுபடி நகர்ந்தது. "நான் ஒண்ணும் கேக்கல. அவனாவே சொன்னான்."

பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "திருத்தணி பஸ் வந்துடுச்சு சார். இதை விட்டா அடுத்தது ஒரு மணி நேரம்" என்றான்.

நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.